தருமலிங்கம் கிராணி படித்துக் காட்டிய வாக்குமூலம்

கிள்ளான் பாசாரில் மீன் வாங்க நின்றபோது கலாவின் போன் வந்தது. "மாமா, அப்பா விடியக்காலையில போயிட்டாரு. தூக்கத்துலயே" என்றாள். மீன்காரன், "அங்கிள், வெட்டவா வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டான். வெட்டு என்றேன். சாவுச் சேதி கேட்ட நாளில் மீனை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது பஸ் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தருமலிங்கம் கிராணியின் மகள் கலா. பதினாறாம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னப் புத்தகம் ஒன்று போடுகிறாள். அப்பாவோடு பாலத்தில் வேலை செய்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் மிச்சம், நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றாள். "நல்லதும் சொல்லுவேன், மத்ததையும் சொல்லுவேன் கலா" என்றேன். "சொல்லுங்க மாமா. அன்னைக்கு நீங்க வீட்டுக்கு வந்தப்ப நான் அடுப்படியிலதான் நின்னேன். எனக்கும் கேட்டுச்சு" என்றாள். அதனால் சொல்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் கிள்ளான் ஆற்றுக்குக் குறுக்கே அந்தப் பெரிய பாலம் கட்டும்போது நான் கம்பி கட்டும் வேலையில் இருந்தேன். தருமலிங்கம் அண்ணன் சைட்டு ஆபீசில் கிராணி, எழுத்து வேலை. மலாய், இங்கிலீஷ், தமிழ் மூன்றும் கையெழுத்தில் முத்து முத்தாக வரும். சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு வந்து சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவார். நல்ல கனத்த குரல். அந்தக் குரலில் அரிசி விலை கேட்டால்கூட கோயிலில் கேட்பது போல இருக்கும்.

பாலம் என்றால் அவருக்கு உயிர். "நாட்டுக்கு வாய் துறைமுகம்னா, தொண்டை இந்தப் பாலம்தான் வேலு" என்பார். வெளிநாட்டு மாவும் சீனியும் இந்த ஆற்றைத் தாண்டித்தான் உள்ளே போகிறது, நம் ரப்பரும் எண்ணெயும் இதைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போகிறது, பழைய பாலம் ஒன்றை நம்பி எத்தனை லோரி நிற்கும் என்று கேட்பார். அவர் தம்பி மகனை ஏற்றிய ஆம்புலன்ஸ் பழைய பாலத்து நெரிசலில் மாட்டி நின்றிருக்கிறது. பையன் பிழைக்கவில்லை. அதைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

என் பக்கத்தில் கம்பி கட்டியவர் ஆறுமுகம். வாய் சும்மா இருக்காது. "தொண்டை தொண்டைங்கிறீங்களே கிராணி, அப்ப நாம என்னா, தொண்டையில மாட்டுன முள்ளா?" என்று கேட்டார் ஒரு நாள். கிராணி பேப்பரை மடித்து அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். எல்லாரும் சிரித்தோம்.

எனக்கு அவர் செய்ததை மறைத்தால் பாவம். தோட்டத்தில் பிறந்தவன் நான், பிறப்புப் பத்திரம் கிடையாது. நாற்பது வயதிலும் குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டையான சிவப்பு ஐசிதான் வைத்திருந்தேன். பிறந்த நாட்டிலேயே அந்நியன். கிராணி விண்ணப்பப் பாரம் நிரப்பினார், லீவு போட்டுவிட்டு என்னோடு ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினார். பஸ் நிறுத்தத்தில் உட்கார வைத்து மலாயில் பதில் சொல்லப் பழக்கினார். "நாலு கேள்விதான் லா, உன் கல்யாணத்துல ஐயர் இதவிட அதிகமா கேட்டிருப்பாரு" என்றார். குடிமகனுக்குரிய நீல ஐசி கையில் வந்தபோது என் பெயரை எழுத்து எழுத்தாக விரல் வைத்துக் காட்டினார். ஒரு கோப்பி வாங்கித் தருகிறேன் என்றால்கூட வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பிறகு, படிக்கத் தெரியாத எனக்கு வந்த எந்தக் காகிதத்தையும் வேறொருவரிடம் நான் காட்டியதில்லை.

ஆறுமுகம் விழுந்தது தைப்பூசத்துக்கு முந்திய மாசம். பத்துமலைக்குக் காவடி எடுக்க விரதம் இருந்தார். மாலை போட்டு, ஒரு வேளைச் சாப்பாடு, பீடிகூட விட்டுவிட்டார். இரவெல்லாம் மழை. காலையில் நாலாவது தூணுக்கு மேலே நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். சாரப் பலகை வழுக்கியது. இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட் இல்லை. பெல்ட்டெல்லாம் ஸ்டோரில் பூட்டியிருக்கும், பெரிய ஆட்கள் பார்க்க வரும் நாளில்தான் வெளியே வரும். "வேலண்ணே, அந்தக் கம்பிய இப்படித் தள்ளுங்க" என்றார். தள்ளினேன், திரும்பினேன். அவர் நின்ற இடத்தில் ஆள் இல்லை. மறுநாள் சாயந்திரம் ஆற்றில் தண்ணீர் இறங்கிய வத்தில் சேற்றிலிருந்து எடுத்தார்கள்.

விசாரணைக்கு அனுப்ப என்னிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். கிராணிதான் மலாயில் டைப் தட்டினார். பெல்ட் கொடுக்கவில்லை, பலகை வழுக்கும் என்று மேலதிகாரிகளுக்குச் சொல்லியும் அனுப்பினோம், அவர் விரதத்தில் இருந்தார் என்று சொன்னேன். தட்டி முடித்து, நான் சொன்னதை அப்படியே, ஒரு சொல் மாறாமல், தமிழில் படித்துக் காட்டினார். அந்தக் குரலில் கேட்டு நான் அழுதேன். கைநாட்டு வைத்தேன்.

ஆறுமுகத்தின் பதினாறாம் நாளுக்குப் போனேன். அவர் மனைவி லெட்சுமி வாசலில் வந்து, "நீங்க வர வேணாம்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனது. தன் புருஷன் போய் நான் உயிரோடு வந்து நிற்கிறேனே, அந்த ஆத்திரம் என்று நினைத்துக்கொண்டேன். கிராணியிடம் கேட்டேன். "துக்கத்துல இருக்குது, விடு வேலு" என்றார்.

பாலம் திறந்த அன்று எங்களை அழைக்கவில்லை. கிராணியும் நானும் கரையில் நின்று பார்த்தோம். முதல் கண்டெய்னர் லோரி மேலே ஏறியதும் அவர் கண்ணைத் துடைத்தார். ஆறுமுகத்தை நினைத்துத்தான் என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் போவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வரச் சொன்னார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் சுத்தம் செய்து ஆள் பாதியாகிவிட்டார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. பிளாஸ்டிக் பைலிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்தார்.

"உன் வாக்குமூலம். இப்ப உள்ளபடி படிக்கிறேன், கேளு."

படித்தார். காலையிலேயே ஆறுமுகத்தின் வாயில் சம்சுச் சாராய வாடை அடித்ததாம். கொடுத்த பெல்ட்டை இடைஞ்சலாக இருக்கிறதென்று அவரே கழற்றிப் போட்டாராம். போடச் சொல்லி நான் எச்சரித்தேனாம். கீழே என் கட்டைவிரல்.

வெளியே மோனோரெயில் ஒன்று போய் முடிந்ததும் அவரே பேசினார்.

"உள்ளத எழுதியிருந்தா வேலைய நிறுத்தியிருப்பானுங்க வேலு. ஆறு மாசமோ, ஒரு வருஷமோ. நாடே அந்தப் பாலத்துக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு."

"ஆறுமுகம் எந்த நாட்டுக்காரன் அண்ணே?"

அவர் பைலை மூடி மடியில் வைத்தார்.

"ஏன் என் பேர்ல எழுதுனீங்க?" என்று கேட்டேன்.

"வேற யாரா இருந்தாலும் இன்னொருத்தன்கிட்ட காட்டிப் பார்ப்பான். நீ காட்ட மாட்டே."

கலா கொண்டுவந்த கோப்பியைத் தொடாமல் எழுந்தேன். காகிதத்தைக் கேட்டேன். மறுக்காமல் கொடுத்தார். கதவு வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் நிற்கவில்லை. அவரை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

அடக்கத்துக்குப் போனேன், வாய்க்கரிசி போட்டேன். மறுநாள் கிள்ளானுக்குப் பக்கத்தில் இருக்கும் மேருவுக்கு லெட்சுமி வீட்டைத் தேடிப் போனேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தை நீட்டினேன்.

"இதே காகிதத்தத்தான் ஆபீசுல எனக்குப் படிச்சாங்க" என்றது. "குடிகாரன் பொண்டாட்டின்னு முப்பது வருஷம் இருந்தேன். பையனுக்குப் பொண்ணு கேக்கப் போன எடத்துலயும் அதத்தான் சொன்னாங்க. மாலையோட இருந்த மனுஷன்."

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஒரே ஆளத்தான் நம்புனேன்."

"நானும் ஒரே ஆளத்தான் நம்புனேன் அண்ணே. உங்கள. கூட நின்னவரு உள்ளதச் சொல்லிருவாருன்னு."

காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு, "எந்தத் தூணு?" என்று கேட்டது. இத்தனை வருஷமும் அது அந்தப் பாலத்தில் ஏறவில்லை, பழைய பாலம் வழியாகத்தான் சுற்றிப் போயிருக்கிறது. எந்த இடம் என்றுகூட யாரும் சொல்லவில்லையாம். மகன் காரில் எங்கள் இருவரையும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனான். டவுன் பக்கத்திலிருந்து நாலாவது என்று கையைக் காட்டினேன். லெட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, தண்ணீர் தொடும் இடம் வரை போய் நின்றது. மேலே லோரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. "அவரு குடிக்கலன்னு எழுதச் சொல்லுங்க அண்ணே. ஆறுமுகம்னு பேரு போட்டு எழுதச் சொல்லுங்க" என்றது.

எழுதச் சொல்லிவிட்டேன். கலா எழுதியதைக் கலாவே படித்துக் காட்டினாள். பிறகு எதிர்வீட்டுப் பிள்ளையிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கலா கோபித்துக்கொள்ளக் கூடாது.

தருமலிங்கம் அண்ணே, உங்கள் பாலம் நிற்கிறது. நாடு அதன் மேல் போய் வருகிறது. நீங்கள் வாங்கிக் கொடுத்த ஐசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். நீங்கள் எனக்குச் செய்ததை மறக்க மாட்டேன், இரண்டையும். ஆறுமுகம் விரதத்தில் இருந்தார். அவருக்கு யாரும் பெல்ட் கொடுக்கவில்லை. போய் வாருங்கள்.