வாய்தா வாங்காத வக்கீல்

அந்தக் கோர்ட்டு வளாகத்தில் எல்லோரும் அவரை வாய்தாம்மா என்றுதான் அழைப்பார்கள். வழக்கைத் தள்ளிப்போட வாங்கும் தேதிக்குத்தான் வாய்தா என்று பெயர். தனியாக நடத்திய இருபத்திரண்டு வருட வணிக வழக்குத் தொழிலில் அவர் ஒருமுறைகூட வாய்தா கேட்டதில்லை. எதிர்த்தரப்பு கேட்டபோது எழுந்து ஆட்சேபிக்காமல் இருந்ததும் இல்லை. இப்படிப்பட்டவருக்கு இந்தப் பெயரைச் சூட்டிய சக வக்கீல்களின் நகைச்சுவை உணர்வைப் பாராட்டத்தான் வேண்டும். சட்ட அறிவு போய்ச் சேர வேண்டிய இடத்தில் அவர்களுக்கு அதுதான் சேர்ந்திருந்தது. வீட்டிலும் இதே கொள்கைதான். ஒழுகும் குழாயை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப் பார்த்த கணவருக்கு, மூன்று பத்திகளில் எழுத்துமூலமான ஆட்சேபம் கிடைத்தது.

கொள்கை பிறந்த கதை சுருக்கமானது. படித்து முடித்ததும் பெரிய சீனியர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்ந்தார். அங்கே ஐந்து வருடம் அவர் பேசிய ஒரே வாதம், "சீனியர் வேற கோர்ட்ல இருக்காருங்க ஐயா" என்பது. அதில் அவர் தோற்றதே இல்லை. ஒரு நாள் புதிதாக வந்த நீதிபதி, "எந்த கோர்ட்ல?" என்று கேட்டுத் தொலைத்தார். ஐந்து வருடத்தில் யாருமே கேட்காத கேள்வி.

"கேன்டீன்லங்க ஐயா."

அன்று மாலையே தனி அலுவலகம் தேட வேண்டி வந்தது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், ஒன்றரை ஜன்னல் வைத்த அறை ஒன்று கிடைத்தது. மீதி அரை ஜன்னல் பக்கத்துப் பல் டாக்டருடையது. அங்கிருந்து வரும் துளைக்கும் சத்தத்தில் கட்சிக்காரர்கள் உண்மையைச் சீக்கிரமே சொல்லிவிடுவதால், வாடகை நியாயம்தான் என்று அவர் முடிவு செய்தார். ஒப்பந்த மீறல், பங்குதாரர் சண்டை, டிசைன் திருட்டு என்று வழக்குகள் படியேறி வந்தன.

அப்படிப் படியேறி வந்தவர்களில் ஒருவர் பாட்டில் மூடி செய்யும் ஆலைக்காரி. தங்கள் மூடியைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டதாக ஒரு பெரிய கம்பெனி அவர்மேல் வழக்குப் போட்டு, 'அடுத்த விசாரணை வரை' என்று இடைக்காலத் தடையும் வாங்கியிருந்தது. ஆலையின் ஒரே இயந்திரத்துக்கு அரக்கு முத்திரை விழுந்தது. கம்பெனியின் வக்கீலுக்கு இடிமுழக்கம் என்று பட்டப்பெயர். வாதாடினால் தோற்றுவிடுவோம் என்று தெரிந்த அந்தப் பெரிய மனிதர் வாதாடவே இல்லை. ஒன்பது முறை வாய்தா வாங்கினார். ஒவ்வொரு முறையும் தடையும் கூடவே நீண்டது.

"அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள மூடி வரலைன்னா ஜூஸ் கம்பெனிக்காரன் வேற ஆளப் பாத்துக்கறேன்னுட்டான்," என்றார் ஆலைக்காரி. "அவன் போனா கதவ இழுத்துச் சாத்த வேண்டியதுதான். முப்பத்தோரு பேரு தினமும் வந்து மிஷின சுத்தி உக்காந்துட்டுப் போறாங்க. துக்க வீடு மாதிரி இருக்கு."

அடுத்த விசாரணை புதன்கிழமை. செவ்வாய் மதியம், ஒன்பது விசாரணைகளின் குறிப்புகளையும் வாய்தாம்மா மேஜைமேல் வரிசையாகப் பரப்பிப் படித்தார். ஒன்பதிலும் ஒரே நாடகம். இடிமுழக்கம் வாய்தா கேட்கிறார். இவர் எழுந்து, "தடை இருக்கற தைரியத்துலதான் கேக்கறாங்க ஐயா" என்று ஆட்சேபிக்கிறார். உடனே இடிமுழக்கம், "தடையையும் நீட்டிச்சுடுங்க ஐயா" என்கிறார். ஆக, ஒன்பது முறையும் அவருக்குத் தடையை ஞாபகப்படுத்தியது யார் என்று பார்த்தால், சாட்சாத் வாய்தாம்மாவேதான்.

அவர் குறிப்புகளை ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, "நாளைக்கு நான் ஆட்சேபிக்கப் போறதில்ல," என்றார்.

காபி கொண்டு வந்த அவருடைய குமாஸ்தா டம்ளரைக் கீழே வைத்தார். "உடம்புக்கு எதும் முடியலையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"இருபத்திரண்டு வருஷப் பேரும்மா. கோர்ட்டே சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். என் வைராக்கியத்தக் காப்பாத்த அந்தம்மா ஆலைய மூடணுமா?"

புதன்கிழமை பதினோராவது வழக்காகக் கூப்பிட்டார்கள். இடிமுழக்கம் எழுந்து தொண்டையைச் செருமினார். "ஒரு வாய்தா வேணுங்க ஐயா. சொந்தக் காரணம்."

நீதிபதி பெருமூச்சுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். "நீங்க ஆரம்பிங்கம்மா."

"ஆட்சேபணை இல்லைங்க ஐயா."

மின்விசிறிச் சத்தம் தனியாகக் கேட்டது. பின்வரிசையில் யாரோ பேனாவைத் தவறவிட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இல்லையா?" என்றார்.

"இல்லைங்க ஐயா."

இடிமுழக்கத்தின் முகத்தில் ஒரு சாம்ராஜ்யத்தை ஜெயித்த களை. நாலாபக்கமும் திரும்பிச் சிரித்தார், நீதிபதியை வணங்கினார், வாய்தாம்மாவையும் வணங்கினார். வாழ்த்த வந்தவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கியபடியே அவரை வெளியே அழைத்துப் போனார்கள். சுருக்கெழுத்தர் கேட்டதைக் கேட்டபடி தட்டச்சு செய்தார்: இருதரப்பும் சம்மதித்ததால் வழக்கு நான்கு வாரம் ஒத்திவைக்கப்படுகிறது. அவ்வளவுதான். தடையை நீட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்காததைக் கொடுக்கும் பழக்கம் அந்த நீதிபதிக்கும் இல்லை.

விசாரணை நாளோடு தடை செத்தது என்று அன்று மதியமே வாய்தாம்மா கோர்ட்டு அலுவலகத்தில் மனு கொடுத்தார். வியாழன் காலை கோர்ட்டு அமீனா வந்து அரக்கைச் சுரண்டி எடுத்தார்.

அன்று மாலை இடிமுழக்கம் ஒன்றரை ஜன்னல் அறைக்கு நேரிலேயே வந்துவிட்டார். மூன்று மாடி ஏறியதில் முழக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது.

"இது தொழில் தர்மமா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்களுக்கு ஞாபகப்படுத்தறது என் வேலைன்னா, உங்க கட்சிக்காரரும் எனக்கு வக்காலத்து போட்டிருக்கணும் சார்."

"சங்கத்துல புகார் குடுப்பேன்."

"குடுங்க. ஆட்சேபிக்கலன்னு ஒரு புகாரா? நானே வந்து வாசிக்கறேன்."

"நாளைக்கே புதுசா தடை மனு போடறேன். மறுபடி முத்திர விழும், பாத்துக்குங்க."

"போடுங்க சார். உங்ககிட்ட எட்டு மாசமா அதத்தான கேக்கறேன். வந்து வாதாடுங்க. காலைல பத்தரைக்கு நான் தயாரா நிப்பேன். உங்க மூடியில திருகுற மரை எத்தனை, எங்க மூடியில எத்தனைன்னு முதல்லயே கேப்பேன்."

இடிமுழக்கம் கையிலிருந்த வழக்குக் கட்டைப் பார்த்தார். எட்டு மாதத்துக்கு முன் கட்டிய நூல் கட்டியபடியே இருந்தது.

"நாளைக்குன்னா..." என்று இழுத்தார். "திங்கக்கிழமையா வச்சுக்கலாமே."

"ஆட்சேபிக்கறேன்," என்றார் வாய்தாம்மா.