பெரிய வெள்ளிக்குப் பாடினவள்

பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் மாதா புலம்பல் பாடுகிறவள் கல்யாணம் ஆனவளாக இருக்க வேண்டும், நாற்பது நாள் கவுச்சி தொடாதவளாக இருக்க வேண்டும், முழுகாமல் இருக்கக் கூடாது என்று என் மாமியார் சொல்வார். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. எனக்கு முன்னால் பாடிய கிழவியைக் கேட்டவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். அவள் தொண்டையைத் திறந்தால் கோயில் முகட்டில் இருக்கிற புறா எல்லாம் செம்பட்டிக்குப் போய்விடும்.

மதியம் மூன்று மணிக்கு மரத்தில் செய்த ஆண்டவர் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, வியாகுல மாதாவுக்கு முன்னால் வெள்ளைத் துணியில் கிடத்துவார்கள். அன்றைக்கு மணி அடிக்கக் கூடாது, ஆர்மோனியம் தொடக் கூடாது. பலகையில் கட்டையால் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். அது நின்றதும் ஒருத்தி எழுந்து, மாதா தன் மகனைப் பார்த்து அழுவது போலப் பாட வேண்டும். ஊர் அழுதால் அவள் பாட்டுக்காரி. அழாவிட்டால் அடுத்த வருசம் வேறொருத்தி.

கல்யாணமாகி வந்த இரண்டாம் வருசம் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. நன்றாகத்தான் பாடினேன். ஒருவரும் அழவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் தாளம் போட்டு ரசித்தார். செத்த வீட்டில் தாளம் போட்டால் எப்படி இருக்கும்? பாட்டுச் சொல்லிக்கொடுத்த உபதேசியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கல்யாணமே செய்துகொள்ளாமல் கோயிலே கதி என்று கிடந்தவர் அவர்.

"கொரலு தேன்தாம்மா. ஆனா ஒன் மகன் செத்துக் கெடக்கான். நீ கல்யாண வீட்டுல பாடுற மாதிரி பாடுற."

"எனக்கு மகனே இல்லையே ஐயா. இல்லாதவன எப்படிச் சாகடிக்கிறது?"

"அடுத்த வருசம் ஒரு தடவ பாப்போம். அதுக்கு மேல நான் ஒன்னும் சொல்ல முடியாது."

அடுத்த தவக்காலத்தில் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. செத்த மகனுக்குப் பாடுகிற பாட்டை வயிற்றுப்பிள்ளை கேட்டால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போய்விடும் என்பார்கள் எங்கள் ஊரில். எனக்கு முதல் கர்ப்பம் ஏற்கெனவே மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. அப்போது நான் புலம்பல் பாடவே இல்லை. பாடாமலே போகிற பிள்ளை பாடினால் மட்டும் புதிதாகவா போகும் என்று மனதுக்குள் வக்கீல் மாதிரி வாதாடினேன். உண்மை என்னவென்றால், பாட்டுக்காரி என்கிற பேரை விட எனக்கு மனசில்லை.

மாமியார் எதையும் மோப்பம் பிடிக்கிற மூக்குக்காரர். ஒரு நாள் நான் கருவாட்டுக்கடை வாசலில் குமட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டார்.

"ஏத்தா, என்ன ஓங்கரிக்கிற?"

"வெயிலுத்தே."

"வெயிலு எனக்குந்தான் அடிக்குது. நான் ஓங்கரிக்கலயே?"

"ஒங்களப் பாத்து வெயிலே பயப்படும்த்தே."

அவர் சிரித்துவிட்டார். அதோடு விட்டார்.

பெரிய வெள்ளியன்று கட்டைச் சத்தம் நின்றதும் எழுந்தேன். துணியில் கிடந்த சுரூபத்தைப் பார்த்தேன். அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. அவ்வளவுதான், நான் வக்கீலும் இல்லை, பாட்டுக்காரியும் இல்லை. "தூக்கி வளத்த கை வெறுங்கையாப் போச்சே" என்று ஓர் அடி வரும். அந்த இடத்தில் குரல் இரண்டாகக் கிழிந்தது. நான் கிழிக்கவில்லை, தானாகக் கிழிந்தது. கோயில் மொத்தமும் ஓவென்று அழுதது. போன வருசம் தாளம் போட்ட பெரியவர் தூணில் தலையை முட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடிப் போய்ச் சேலையைப் பார்த்தேன். கறை இல்லை. அதற்குப் பிறகு ஆறு மாதம் தினமும் பார்த்தேன். ஐப்பசியில் பையன் பிறந்தான், புருவத்துக்கு மேல் ஒரு மச்சத்தோடு. மாமியார் விரலை மடக்கி மாதக்கணக்குப் போட்டார். போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வெள்ளிக்குப் பிறகு என் பேர் பரவிவிட்டது. தவக்காலம் வந்தால் வெள்ளிக்கு வெள்ளி ஒரு ஊர். நாகல் நகர்ப் பக்கம் கூப்பிட்டார்கள். வேடசந்தூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போகிறவர்கள் வேலை முடிந்த கையோடு சைக்கிளில் வந்து இறங்கி அழுதுவிட்டுப் போனார்கள். "மகராசி, என்னமா அழ வச்ச!" என்று காப்பி வாங்கிக் கொடுப்பார்கள். அழ வைத்ததற்குக் காப்பி கொடுக்கிற வேலை உலகத்தில் வேறு இருக்கிறதா தெரியவில்லை.

எப்படி அழ வைத்தேன் என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை. வயிற்றில் பிள்ளை இல்லாத வருசங்களில் அந்தப் பழைய பயம் தானாக வரவில்லை. அதனால் நானே போய் அதைக் கூட்டி வந்தேன். பாடப் புறப்படுவதற்கு முன், தூங்குகிற பையன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தை மனப்பாடம் செய்வேன். கோயிலில் வெள்ளைத் துணியைப் பார்த்ததும் ஆண்டவரை எடுத்துவிட்டு அவனை அங்கே கிடத்துவேன். மச்சத்தைக்கூட மறக்காமல் வைப்பேன். குரல் கிழியும். ஊர் அழும். வருசத்துக்கு ஏழெட்டுத் தடவை அவனைச் சாகடித்துவிட்டு, பஸ் ஏறி வந்து அவனுக்குச் சோறு ஊட்டினேன்.

ஒரு நாள் மாமியார் நான் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார்.

"தூங்குற புள்ளைய அப்பிடிப் பாக்காதத்தா. பொணத்தப் பாக்குற மாதிரி இருக்கு."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

பையனுக்கு ஆறு வயதில், குருத்தோலை ஞாயிறன்று காய்ச்சல் கண்டது. டவுன் டாக்டர் விஷக்காய்ச்சல் என்றார். மருந்து இறங்கியது, காய்ச்சல் இறங்கவில்லை. வியாழக்கிழமை அவன் கண்ணை மூடிக் கிடந்தபோது பார்த்தேன். நான் இத்தனை வருசம் துணியில் கிடத்தி வைத்த அதே முகம். உதடு காய்ந்திருப்பதைக்கூட நான் முன்னாலேயே பாடியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் உபதேசியார் வந்தார்.

"புள்ளைக்கு எப்பிடிம்மா இருக்கு?"

"அனலாக் கொதிக்குது ஐயா. கண்ணு தொறக்கல."

அவர் குனிந்து பையன் நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்ப இன்னைக்கு நல்லா அமையும்மா."

அவர் கெட்டவர் இல்லை. பையனுக்காக மூன்று நாளாக ஒருவேளைச் சோற்றோடு ஒருசந்தி இருந்தவர். பாட்டுதான் அவருக்கு முதலில் தோன்றியது. எனக்கும் ஏழு வருசம் அப்படித்தான் தோன்றியது.

"நான் வரல ஐயா" என்றேன்.

உள்ளேயிருந்து மாமியார் வந்தார். "போடி. பாடாட்டி மாதா கோவிச்சுக்குவா."

"வயித்துல இருக்கும்போது பாடக் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதானேத்தே?"

"அப்ப நீ கேட்டியா? இப்பக் கேளு."

போனேன். கட்டைச் சத்தம் நின்றது. வெள்ளைத் துணியில் பையன் தானாக வந்து படுத்துக்கொண்டான். நான் கூப்பிடவில்லை. எழுந்திருடா, வீட்டுக்குப் போ என்று மனதுக்குள் அதட்டினேன். போக மாட்டேன் என்று கிடந்தான். நான் துணியைப் பார்ப்பதை நிறுத்தினேன். முகட்டுப் புறாவைப் பார்த்துக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிப்பது போலக் கடைசி அடி வரை பாடி முடித்தேன். ஒருவரும் அழவில்லை. பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். உபதேசியார் என்னைப் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை மணி அடிக்கும்போது பையன் கண்ணைத் திறந்து ரசம் கேட்டான்.

"பாத்தியா, மாதா கேட்டுட்டா" என்றார் மாமியார்.

கேட்டாளோ, நான் பாடிய லட்சணத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டாளோ, எனக்குத் தெரியாது. அந்த வருசத்தோடு என்னைப் பாடக் கூப்பிடுவது நின்றது. குரல் போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்றேன்.

அடுத்த தவக்காலத்தில் என் இடத்துக்கு வந்தவள், பக்கத்துத் தெருவுக்கு நாகல் நகரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண். தங்கமான குரல். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், களத்தில் நான் வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எல்லாரையும் எப்படிக்கா அழ வச்சீங்க? உபதேசியாரு எனக்குக் குரல் இருக்கு, அழுக வரலங்குறாரு."

நான் ஒரு வெங்காயத்தை எடுத்து அவள் முந்தானையில் முடிந்துவிட்டேன். "இதுதான்டி ரகசியம். பாடுறதுக்கு முன்னாடி நசுக்கிக் கண்ணுல தடவிக்கோ. நீ அழுதா ஊரு அழும்."

அவள் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் வெங்காய வாடைக்குக் கையால் பொத்திக்கொண்டு வேலி ஓரம் ஓடினாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"வெயிலுக்கா" என்றாள்.

பாடாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் மாமியார் காதில் ஒரு வார்த்தை போட்டிருந்தாலும் போதும். விட்டுப்போன இடத்துக்காக நான் பொறாமைப்படுகிறேன் என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன்.

"ஆமா, வெயிலு ஜாஸ்தி" என்றேன்.

பெரிய வெள்ளியன்று பையனை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கட்டைச் சத்தம் நின்றது. அவள் எழுந்தாள். வெறுங்கை என்கிற அடி வந்தது. குரல் இரண்டாகக் கிழிந்தது. ஆம்பளை, பொம்பளை எல்லாரும் ஓவென்று அழுதார்கள். உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியாம்மா? ஒனக்கப்புறம் இன்னைக்குத்தான்."

நான் பையனின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவள் முந்தானையைப் பார்த்தேன். களத்துக்கு வந்த அதே சேலைதான், நான் போட்ட முடிச்சு அவிழவில்லை. வெங்காயம் அதிலேயே இருந்தது. அவளுடைய ஒரு கை அடிவயிற்றில் இருந்தது.