சுவரைப் பார்த்து நிற்கும் சாவிக்காரர்

எங்கள் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவருக்குச் சாவிக்காரர் என்று பெயர். கையில் ஒரு சாவியும் கிடையாது. பாஸ்வேர்டை நான்கு தடவை தப்பாகப் போட்டால் கம்ப்யூட்டர் அந்த ஆளை வெளியே நிறுத்திப் பூட்டிவிடும். திறந்துவிடுவது அவர் வேலை. இருந்த இடத்திலிருந்தே திறக்கலாமாம். இவர் மூன்று மாடி ஏறி நேரில் வருவார். நாம் பாஸ்வேர்டு அடிக்கும்போது திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். "நிதானமா அடிங்க, யாரும் விரட்டலை" என்பார். பெரிய டாக்டருக்கும் அதே சுவர்தான், வாசல் காவலாளிக்கும் அதே சுவர்தான். பெருக்கித் துடைக்கிற எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அதனால்தான்.

நோயாளிகள் பேரைப் பதிந்து சீட்டு கொடுப்பவள் பதிவறை அக்கா. எல்லோரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது, அவளும் மாற்றினாள். மறுநாளே பிடித்தது வினை. காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தால் பூட்டிக் கிடக்கும். அவள் ஒரு எழுத்துகூட அடித்திருக்க மாட்டாள். சாவிக்காரர் வந்து திறப்பதற்குள் வரிசை வாசல் வரை போய்விடும்.

ஒன்பதாம் நாள் மேலாளர் பொறுமை இழந்தார். "பாஸ்வேர்டை யார்கிட்டயோ கொடுத்திருக்கீங்க. இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா வேற ஊர்க் கிளைக்குப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். அக்காவின் கணவர் படுத்த படுக்கை. மதியம் ஓடிப்போய் அவருக்கு ஊட்டிவிட்டு வருகிறவள் எந்த ஊருக்குப் போவாள்?

"நான் யாருக்கும் கொடுக்கலை சார். என் வீட்டுக்காரருக்கே தெரியாது" என்று சாவிக்காரரிடம் அழுதாள்.

"தெரியும்க்கா. கொடுத்திருந்தா சரியா அடிச்சிருப்பாங்களே. இது யாரோ தப்பாவே அடிக்கிறாங்க."

தப்பு நடந்த நேரங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் தேடி ஒரு தாளில் எழுதினார். தினமும் காலை ஏழே முக்கால். ஞாயிற்றுக்கிழமை இல்லை. போன வியாழக்கிழமையும் இல்லை. எந்தக் கம்ப்யூட்டர் என்ற பெயரும் கிடைத்தது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஏழரைக்கே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் வாளியோடு சாமான் அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"அம்மா, போன வியாழக்கிழமை நீங்க வரலையா?"

"காய்ச்சலுங்க சார். ஏன்?"

"சும்மாதான். எப்பவும் செய்யுற மாதிரியே செய்யுங்க."

சாமான் அறைக்குள் போய், கடவுளே என்று சொல்லி, கதவோரம் இருந்த மூன்று சுவிட்சையும் உள்ளங்கையால் ஒரே அழுத்தாக அழுத்தினேன். எது எதற்கு என்று பார்த்ததே கிடையாது. விளக்குகள் எரிந்தன. பெட்டிகளுக்குப் பின்னால் வழக்கமான இரைச்சல் எழுந்தது. பக்கத்து அறை மின்விசிறி என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

சாவிக்காரர் பெட்டிகளை நகர்த்தினார். திரையில்லாத ஒரு பழைய கம்ப்யூட்டர். முன்பு அக்கா வேலை பார்த்தது. கரண்ட் வந்ததும் தானாக எழுந்து, தன்னிடம் பதிந்திருந்த அக்காவின் பழைய பாஸ்வேர்டையே மறுபடி மறுபடி போட்டிருக்கிறது.

"விசுவாசமான பெட்டிம்மா. பாஸ்வேர்டு மாறின சேதியை அதுக்கு யாரும் சொல்லலை."

வாளியைக் கீழே வைத்தேன். "அப்ப அக்காவை வெளியே நிறுத்தினது நான்தானா சார்?"

"நீங்க வெளிச்சத்துக்குப் போட்டீங்க" என்று சொல்லி வயரைப் பிடுங்கிச் சுருட்டினார். மேலாளரிடம் பெட்டியைப் பற்றி மட்டுமே சொன்னார். என் பேச்சை எடுக்கவே இல்லை.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள்.

"பத்து நாளா என்னை அழ வச்சது நீதானா? இனிமே இருட்டுலயே பெருக்குடி" என்று முதுகில் ஒரு அடி வைத்தாள். சிரித்துக்கொண்டேதான் அடித்தாள், கண் மட்டும் கலங்கியிருந்தது.

மறுநாள் விளக்குக்கான இரண்டு சுவிட்சை மட்டும் ஒற்றை விரலால் போட்டேன். எட்டு மணிக்கு அக்கா வந்து உட்கார்ந்தாள். நான் துடைப்பத்தோடு கதவோரம் நின்று வேண்டிக்கொண்டேன். கூப்பிடாமலே சாவிக்காரரும் வந்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

"திறந்துடுச்சு சார். திரும்புங்க."

பின்னாலேயே வந்த மேலாளர் எட்டிப் பார்த்தார். "வரிசையைக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் அக்கா வழக்கம்போலத் தன் வீட்டுக்கு ஓடினாள்.