எழுபது மீட்டர்

அப்பாவை நான் அப்பச்சி என்றுதான் கூப்பிடுவேன். மறதி முற்றிய பிறகு அவர் கையில் ஒரு கடிகாரம் கட்டிவிட்டேன். அவர் இருக்கும் இடத்தையும் நடக்கும் வேகத்தையும் அது என் போனுக்கு அனுப்பும். ஒரு நாள் மத்தியானம், நான் சோறு வடித்துவிட்டு வருவதற்குள் நாற்காலியில் ஆள் இல்லை. போனில் இடம் காட்டவில்லை. வேகம் மட்டும், நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது.

நான் கணக்கு டீச்சர். வேகம் மாறிக்கொண்டே இருந்தால் நேரத்தைச் சின்னத் துண்டுகளாக நறுக்கு, ஒரு துண்டுக்குள் வேகம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு. வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். கூட்டினேன். எழுநூறு மீட்டர். தேவகோட்டை பஸ் நிற்கும் இடம் அவ்வளவு தூரம்தான். என் தம்பி வண்டியில் பறந்தான்.

"இங்குட்டு யாரும் பாக்கலையாம் ஆச்சி" என்று அங்கிருந்து போன் செய்தான். அக்காவை அவன் ஆச்சி என்பான்.

எண்களை மறுபடி பார்த்தேன். பூஜ்யம், முப்பது, நாற்பது, நாற்பது, முப்பது, பூஜ்யம். திரும்பவும் அதே வரிசை. பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் எழுபது மீட்டர்தான். பூஜ்யம் வரும்போதெல்லாம் அவர் வந்த வழியே திரும்புகிறார். வேகம் வேறு, திசைவேகம் வேறு என்று பிள்ளைகளை அதட்டுகிற நான், போனதையும் வந்ததையும் ஒன்றாகக் கூட்டித் தொலைத்திருக்கிறேன். திசையோடு கூட்டினால் இடப்பெயர்ச்சி பூஜ்யம். அப்பச்சி எங்கேயும் போகவில்லை.

எழுபது மீட்டர் நேராக நடக்கப் பக்கத்தில் ஓர் இடம்தான் உண்டு. எங்கள் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான, யாரும் குடியில்லாத பூர்வீக வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வருஷத்துக்கு ஒருமுறை முன்னோருக்குப் படைக்கத் திறப்போம். அன்று படைப்புக்காகப் பெருக்க வந்த வேலைக்காரம்மா, உள்ளே ஆள் நுழைந்தது தெரியாமல் பூட்டிவிட்டு, சற்று முன்புதான் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போயிருந்தார்.

ஓடிப்போய்த் திறந்தேன். ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. கதவோரம் அப்பச்சி தரையில் உட்கார்ந்திருந்தார். போன் இன்னும் நாற்பது என்றே காட்டியது. தாமதமாக வந்த எண்ணாக இருக்கலாம்.

"மெதுவாப் பேசு ஆத்தா. உள்ளுக்க ஒருத்தர் நடக்குறாரு."

"அது நீகதான் அப்பச்சி."

"நான்தான் அப்பவே உக்காந்துட்டேனே." என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாவம், வீடு தெரியாம அங்குட்டும் இங்குட்டுமா அலையுறாரு. அவரையும் கூட்டிக்கிட்டுப் போவமா?"

எனக்குப் பயமாக இருந்தது. அழுகையும் வந்தது. கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, இருட்டைப் பார்த்து, "வாங்க அப்பச்சி" என்றேன்.