சரோஜா போட்ட முடிச்சு

பட்டினப்பாக்கம் மணலில் எங்கள் நான்கு பாய்மரப் படகுகளும் ஏறி நிற்கின்றன. ஒவ்வொரு படகும் நடுவில் ஓர் உடல், இருபுறமும் ஒல்லியாக ஒவ்வொன்று, மூன்றையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிய வகை. கோவளத்திலிருந்து கூட்டமாக ஓட்டி வந்தோம். டீ குடித்ததும் அடையாறு முகத்துவாரம் வரை போட்டி.

டீக்கடையிலிருந்து திரும்பினால், படகுகளைக் கரையேற்ற உதவிய மீனவர், மூன்று படகுகளின் கட்டுகளை அவிழ்த்து வெயிலில் பரப்பியிருக்கிறார். நான்காவது நானும் என் மனைவியும் ஓட்டி வந்தது. அதன் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

"அரை மணியில போட்டி இருக்குங்க. எதுக்கு அவிழ்க்கிறீங்க?" என்கிறேன் எரிச்சலோடு.

"இன்னா நைனா, கரைக்கு வந்தா மரத்த அவுத்துக் காய வெக்க வாணாமா?" பிரித்துப்போட்ட தன் கட்டுமரத்தைக் காட்டுகிறார். "இத்த மட்டும் அவுக்க முடில. ஆரு கட்னது?"

என் மனைவி சரோஜா கையைத் தூக்குகிறாள்.

அவர் இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறார். பிறகு தன் கயிற்றை எடுத்து வந்து அவளிடம் நீட்டுகிறார்.

"எப்டி கட்னேன்னு ஒருவாட்டி காட்டும்மா."

சரோஜா மணலில் உட்கார்கிறாள். மற்ற மூன்று படகுக்காரர்களும் திரும்பக் கட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். போட்டி போனால் போகட்டும். நான் கடைக்குப் போய், முடிச்சுப் போட்ட என் மனைவிக்கு இன்னொரு டீ என்று சத்தமாகச் சொல்கிறேன்.