வாரியம் கருதுகிறது

குடிநீர் வாரியத்தில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை அவர் எழுதியது அறிக்கைகள் மட்டுமே. வாரியம் கருதுகிறது, வாரியம் பரிந்துரைக்கிறது, வேறு வழியே இல்லாதபோது வாரியம் வருந்துகிறது. கருதியதும் வருந்தியதும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்த அவர் ஒருவர்தான். அட்டையில் வாரியத்தின் பெயர் மட்டும் இருக்கும்.

பழக்கம் வீட்டுக்கும் வந்தது. "சாப்பாட்டுல உப்பு கம்மின்னு வாரியம் கருதுது" என்று ஒருமுறை சொல்லப்போக, மைத்துனர் அவருக்கு வாரியம் என்றே பெயர் வைத்துவிட்டார்.

அவர் எழுதியவற்றில் பெரியது, மத்தியானத்தில் தண்ணீரை நிறுத்தலாம் என்று சொன்ன அறிக்கை. அதற்கு மட்டும் அட்டையில் அவர் பெயரைப் போடலாம் என்று மேலதிகாரி தாமாகவே முன்வந்தார். இவர் பதறிப்போய் மறுத்துவிட்டார். தண்ணீர் நின்ற முதல் நாள், காலி வாளியோடு படிக்கட்டில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் வாரியத்தைக் கிழிகிழியென்று கிழித்தார். "அவங்களுக்கு மூளையே கிடையாதுங்க" என்று இவரும் ஒத்து ஊதினார்.

மனைவிக்கு வேறு தொழில். ஆய்வேடுகளின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலைச் சாப்பாட்டு மேசையில் பரப்பித் திருத்திக் கொடுப்பார். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் விடமாட்டார். மாணவர்கள் பயந்துகொண்டே வந்தார்கள். வராமலும் இருக்க முடியவில்லை.

அப்படி வந்த ஓர் ஆய்வேட்டில் இவர் பெயர் இருந்தது. அந்தத் தண்ணீர் அறிக்கையின் முன்னுரையில், நன்றி சொல்லும் வரியில் ஒளிந்திருந்த பெயரை மாணவி ஒருத்தி தோண்டியெடுத்து ஆசிரியராகப் போட்டிருந்தாள். வாரியத்தை வெளியிட்டவர் இடத்துக்குத் தள்ளியிருந்தாள். மனைவிக்கு டீ கொண்டுவந்த இவர் அதைப் பார்த்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

மனைவி சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"அப்படியே இருக்கட்டுமே."

"அட்டையில யார் பேரு இருக்கோ அவங்கதான் ஆசிரியர். அதுல வாரியம் மட்டும்தானே இருக்கு."

"எழுதினது நான்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அட்டைக்குத் தெரியாதே. அன்னிக்குத் திட்டு வாங்க வாரியம், இன்னிக்குப் பேர் வாங்க நீங்களா?"

சிவப்புப் பேனா பெயரை அடித்தது. அவர் பால்கனிக்குப் போய்விட்டார். மறுநாள் சாப்பாட்டில் உப்பே இல்லை. வாரியம் எதுவும் கருதவில்லை.

அதுதான் மனைவியை உறுத்தியது. பட்டியலைத் தாண்டிப் படிக்கிற வழக்கமில்லாதவர், அன்று ஆய்வேட்டின் உள்ளே புகுந்தார். மேட்டுத் தெரு வீடுகளைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதது ஏன் என்று அறிக்கை விளக்கவில்லை என மாணவி எழுதியிருந்தாள். மனைவி போனை எடுத்தார்.

"ஏம்மா, விளக்கலைன்னு எழுதியிருக்கியே, யாரையாவது கேட்டியா?"

"வாரியத்துல கேட்டேன், பழைய ஆளுங்க யாரும் இல்லைன்னுட்டாங்க மேடம்."

"ஒருத்தர் எங்க வீட்டு பால்கனியில மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கார். வந்து கேளு."

மறுநாள் சாயங்காலம் வந்தாள். அவர் தொண்டையைச் செருமினார். "அந்தக் காலகட்டத்தில் வாரியம்..."

"வாரியம் சொன்னதைப் படிச்சிட்டேன் சார். நீங்க சொல்லுங்க."

பக்கம் பக்கமாக எழுதியவர்தான். 'நான்' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பழக்கமில்லை. டீ ஆறும்வரை யோசித்தார்.

"அந்தத் தெருவுல மீட்டர் கிடையாதும்மா. வீடு வீடா ஏறி இறங்கித்தான் கேக்கணும். மேல அவசரப்படுத்தினாங்க." ஆறிய டீயைத் தள்ளி வைத்தார். "தண்ணி முதல்ல நின்னது அவங்களுக்குத்தான். கணக்குல விட்டது நான்தான். அப்படியே எழுதிக்கோ."

திருத்திய ஆய்வேடு திரும்பி வந்தது. பட்டியலில் ஆசிரியர் இடத்தில் வாரியம் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. உள்ளே, மேட்டுத் தெரு விடுபட்ட காரணத்தைச் சொல்லும் வரியின் முடிவில், அடைப்புக்குறிக்குள் இவர் பெயர், நேர்ப்பேச்சு, தேதி. ஆயுள் முழுக்க எழுதியும் நன்றி வரியைத் தாண்டாத பெயர், எழுதாமல் விட்டதைப் பற்றி ஒரு சாயங்காலம் பேசியதில் உள்ளே வந்துவிட்டது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தார். பிறகு கடைசிப் பக்கங்களைத் திருப்பி, பட்டியலில் விரலை ஓட்டினார்.

"அதுல வராதுங்க" என்றார் மனைவி. "நேர்ல பேசினது பட்டியல்ல சேராது. படிக்கிறவங்க தேடிப் போய்ப் பாக்க முடியாதுல்ல."

"ஏன் முடியாது? நான் இங்கதானே இருக்கேன்."