எலுமிச்சம்பழத்தில் மல்லாந்த வண்டி

கொச்சி மட்டாஞ்சேரியில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கடைகள் எத்தனையோ உண்டு. ஆனாலும் கிரைண்டர் மோட்டாரோ தண்ணீர் மோட்டாரோ, "சங்கரி சேச்சி கையில கொடு" என்றுதான் ஊர் சொல்லும். முதலாளி வெங்கிடேஸ்வரன் கல்லாவில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். கடையை நடத்தியது சங்கரியின் பத்து விரல்களும் அவளுடைய வாயும்.

2007 மழைக்காலத்தில் தேவராவிலிருந்து விபின் என்ற இளைஞன் வந்தான். கட்டைவிரல் பருமனில் ஒரு மோட்டாரை மேஜைமேல் வைத்தான். ரிமோட்டில் ஓடும் குட்டி வண்டியின் மோட்டார் அது. பாறை ஏறுகிற வண்டி என்றான். சங்கரி சிரித்துவிட்டாள். சிரித்தவளை அந்த ஞாயிற்றுக்கிழமையே ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்கு அழைத்துப்போய், அலையைத் தடுக்கப் போட்டிருந்த கருங்கற்களின்மேல் அந்த வண்டியை ஏற்றிக் காட்டினான். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக மடங்கி, தடவித் தடவிக் கல்லைப் பிடித்து ஏறியது. அவ்வளவுதான், கிறுக்கு பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து உலையில் அரிசியைப் போட்டவள், அடுப்பைப் பற்றவைக்க மறந்துபோனாள்.

"பொம்மை வண்டிக்கா இந்தப் பாடு?" என்றான் அவள் கணவன் செல்லதுரை. கார்ப்பரேஷன் லாரி ஓட்டுகிறவன். வண்டி என்றால் ஆறு டன்னாவது இருக்க வேண்டும் அவனுக்கு.

அவள் காதில் வாங்கவேயில்லை. விபினிடமிருந்து பழைய ரிமோட்டும் ஒரு பழைய மோட்டாரும் தேய்ந்த டயர்களும் கிடைத்தன. அலுமினியத் தகட்டை அறுத்துத் தன் வண்டிக்குச் சட்டம் செய்தாள். மோட்டாரில் இருந்த கம்பியைப் பிரித்தெறிந்துவிட்டு, மெல்லிய கம்பியில் கூடுதல் சுற்று சுற்றினாள். வேகம் செத்துப்போயிற்று. இழுவையோ, அடேயப்பா, அரிசி டப்பாவை அடுக்களையிலிருந்து வாசல்வரை இழுத்து வந்தது. முன் சக்கரங்களுக்குள் மீன்வலையில் கோக்கும் ஈயக் குண்டுகளைத் திணித்தாள். ஒரு மாதம் கியர் உடையும், அடுத்த மாதம் அச்சு வளையும். உடைந்தால் ஒரு மணி நேரம் எல்லோரையும் திட்டுவாள். பிறகு முன்பைவிடக் கெட்டியாகச் செய்வாள். இப்படியே ஒரு வருஷம் போயிற்று.

விபினின் கூட்டாளிகள் விஜயதசமி காலையில் கடற்கரையில் ஒரு போட்டி வைக்க முடிவு செய்தார்கள். அதை நடத்தும் சிஜு ஒளிக்காமல் சொல்லிவிட்டான். "சேச்சி, வீட்டில் உண்டாக்கிய வண்டி ரெண்டு போன தடவை பாதியில நின்னுபோச்சு. எல்லாருக்கும் நேரம் போச்சு. இனிமேல் கம்பெனி வண்டி மட்டும் போதும்னு பேச்சு. உங்க வண்டி கடைசிக் கல்லு மேல ஏறினா, கை வேலை வண்டிக்கும் இடமுண்டு. இல்லேன்னா இதோட சரி."

கம்பெனி வண்டி வாங்க அவள் எங்கே போவாள்? இந்த ஒரு தடவைதான். நவமி அன்று கடைக்கு விடுமுறை. நாள் முழுக்கக் கல்லில் ஓட்டிப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அஷ்டமி சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வண்டியைக் காணோம். ஆயுத பூஜைக்கு வைத்த இடத்தில் இருந்தது. லாரிச் சாவி, ஸ்பேனர், அவளுடைய கட்டிங் பிளேயர் எல்லாவற்றுக்கும் நடுவே, சந்தனமும் குங்குமமும் பூசி, கதம்பச் சரம் சுற்றி, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. இந்த ஊர் வழக்கப்படி பூஜைக்கு வைத்ததை விஜயதசமி விடியும்வரை யாரும் தொடக்கூடாது.

"ஏங்க, யாரு இதை எடுத்து வைக்கச் சொன்னா?"

"நீதானே ஒரு வருஷமா வண்டி வண்டின்னு சொல்ற. வண்டின்னா பூஜை வேணும்ல?" என்றான் செல்லதுரை, வெகு பெருமையாக.

சங்கரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் அவனுக்குச் சாயாகூடக் கொடுக்கவில்லை. ஆனால் பூஜையில் இருந்ததைத் தொடவும் இல்லை. நவமி முழுக்க அந்த வண்டியைப் பார்த்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தசமி விடிந்தது. கற்பூரம் காட்டி எடுத்ததும் செல்லதுரை முன் சக்கரங்களுக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தான். லாரிக்குச் செய்கிற மரியாதை. நசுக்காமல் கிளம்பக்கூடாதாம். அவள் ரிமோட்டை அழுத்தினாள். பழம் நசுங்கவில்லை. வண்டி பழத்தின்மேல் ஏறி, மூக்கைத் தூக்கி, மல்லாந்து விழுந்தது.

செல்லதுரைக்கு முகம் கறுத்தது. "சகுனம் சரியில்ல சங்கரி. இன்னைக்குப் போக வேண்டாம்."

"சகுனமாவது மண்ணாவது. பின்பாரம்ங்க. பேட்டரி பின்னால இருக்கு, அதான் மூக்கு தூக்குது." என்றவள் பேட்டரியைக் கழற்றி முன் அச்சின்மேல் வைத்து ஒயர்களை நீட்டிப் பற்றவைத்தாள். மறுபடி ஓட்டினாள். வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு, பழத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அவளுக்குக் கத்தவேண்டும்போல இருந்தது.

கடற்கரையில் ஒரே விதி: வண்டி கல்லில் இருக்கும்போது கை பட்டால் அவுட். கடைசிக் கல் இடுப்பு உயரம், ஒரு பக்கம் வழுக்கல், கீழே கடல். அவளுக்கு முன்னால் போன இரண்டு வண்டிகள் அதில் உருண்டு போயின. சங்கரியின் வண்டி முக்கால்வாசி ஏறியதும் பின்சக்கரம் ஒன்று வழுக்கியது. வண்டி கடல் பக்கமாகச் சாய்ந்தது. கூட வந்திருந்த செல்லதுரை பிடிக்கப் பாய்ந்துவிட்டான்.

"தொட்டீங்கன்னா வீட்டுக்கு வராதீங்க," என்றாள், திரும்பாமலே.

நீட்டிய கைகளோடு அப்படியே நின்றான். வண்டி ஒற்றைச் சக்கரத்தில் தொங்கியது. அவள் ஒரு விரல்கடை பின்னுக்கு எடுத்தாள். வழுக்கிய சக்கரம் ஒரு பிளவைத் தடவிப் பிடித்தது. பிறகு மெள்ள, மெள்ள, முன்சக்கரம் உச்சியைத் தொட்டது. அப்புறம் பின்சக்கரங்கள்.

விபின் விசிலடித்தான். செல்லதுரை கைகளை இன்னும் இறக்கவில்லை. லாரி ஓட்டுகிறவனின் கண்கள் கலங்கியிருந்தன.

"மேல ஏறியாச்சு சேச்சி. கை வேலை வண்டிக்கு இடமுண்டு," என்றான் சிஜு. "இனி கையில எடுத்துக்கலாம். அடுத்த ஆளுக்கு வழி விடுங்க."

சங்கரி எடுக்கவில்லை. ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, கல்லின் உச்சியில் நின்ற வண்டியையே பார்த்தாள்.

"எடுக்கிறேன் தம்பி. கொஞ்சம் நிக்கட்டும். நான் இன்னும் சரியா பாக்கல."